முட்டு தேவையில்லை

பிப்ரவரி 10, செவ்வாய்

முழங்கால் இன்று பரவாயில்லை. மாடிப்படி இரண்டு தரம் இறங்கி ஏறினேன். முதல் தரம் பால் வாங்க. இரண்டாம் தரம் கீழ் வீட்டு டெய்லரம்மாவிடம் பெருமை அடிக்க. என் நோட்டில் நானே பொய் எழுதுவானேன்.

கடுகு கணக்குப் போட்ட கட்டடத்தில் இரண்டாம் மாடித் தரைக்கு இரும்புத் தகடு பரப்பியாகிவிட்டதாம், அதன் மேல்தான் கான்கிரீட் ஊற்றுவார்களாம். கடுகு என் மகள் வயிற்றுப் பேத்தி. முப்பத்தொரு வயது, என் தோளுக்குத்தான் வருவாள், காரம் மட்டும் குறையாது. அதனால் அந்தப் பெயர். பதினைந்து வருஷமாக என்னோடுதான் இருக்கிறாள். அவளுடைய ஆபீஸ் பெரியவர் எந்நேரமும் ஏலக்காய் மெல்லுவார், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஏலக்காய். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அஞ்சறைப் பெட்டிப் பெயர்தான்.

அவள் வேலை, இரும்பையும் கான்கிரீட்டையும் சேர்த்துக் கட்டடத்துக்குக் கணக்குப் போடுவது. தூண், பீம், தகடு எல்லாம் தொழிற்சாலையிலேயே அளவெடுத்து, துளை போட்டு, லாரியில் வந்து இறங்கிவிடும். சைட்டில் நிறுத்தி போல்ட் முடுக்க வேண்டியதுதான். இப்போது கட்டுவது நர்சுகள் தங்குகிற விடுதி, நாலு மாடி. குளியலறைகூட ஓடு ஒட்டி, குழாய் மாட்டி, கண்ணாடி பதித்து முழுசாக வருகிறதாம். கிரேன் தூக்கி உள்ளே இறக்கிவிடுமாம்.

டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "குளிக்கிற ஆளையும் உள்ள வெச்சே அனுப்புவாங்களா பாட்டிம்மா?" என்றாள்.

"அனுப்பினா உனக்கு ஒண்ணு சொல்லி வெக்கறேன்."

"அதுக்கில்ல, மூணு வாரத்துல நாலு மாடின்னா அது கட்டடமா, அட்டைப்பெட்டியா?"

"அட்டைப்பெட்டிக்கு என் பேத்தி கையெழுத்து வேணாம். இதுக்கு வேணும். அவ வரைபடத்தோட ஓரத்துல கையெழுத்துப் போட்டாத்தான் அங்க ஒரு இரும்பை அறுப்பாங்க."

சொல்லிவிட்டு மேலே வந்தேன். முழங்கால் வலித்ததே தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேன், இரும்பு வேறு கான்கிரீட் வேறு, இரண்டும் எப்படியடி ஒட்டும் என்று. தகட்டின் மேலிருந்தே பீமில் தலை தடித்த ஆணிகளை வரிசையாகப் பற்றவைப்பார்களாம். ஊற்றின கான்கிரீட் அந்த ஆணிகளைச் சுற்றி இறுகிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது, இரண்டும் ஒரே உடம்பு. இழுப்பை இரும்பு தாங்கும், அமுக்குவதைக் கான்கிரீட் தாங்கும்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றேன்.

"புருஷன் பொண்டாட்டியெல்லாம் வழுக்குவாங்க பாட்டி."

நான் எந்த உவமை சொன்னாலும் தள்ளிவிடுகிறாள். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறாள் போல.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று நானே அவள் ஆபீஸ் வேலை பார்த்தேன்.

அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் அவள் போன் அடித்தது, போர்மேன் என்று எழுதியிருந்தது. எடுத்தேன்.

"மேடம் இல்லீங்களா?"

"குளிக்கிறா. நான் அவ பாட்டி. சொல்லுங்க தம்பி."

"ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு ரெண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போடறோம். குளியலறைப் பக்கம் பீமுக்கு பீம் தூரம் ஜாஸ்தியா தெரியுது. படத்துல முட்டு தேவையில்லைன்னு போட்டிருக்கு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

முட்டு என்றால் கான்கிரீட் காய்கிற வரைக்கும் தகட்டுக்கு அடியில் கம்பு மாதிரி நிறுத்தித் தாங்குவது, அதெல்லாம் எனக்குத் தெரியும். "படத்துல கையெழுத்து யாருது?" என்றேன்.

"மேடமோடதுதான்."

"அப்புறம் என்ன தம்பி சந்தேகம். அவ போட்டா போட்டதுதான். சின்னப் புள்ளையிலேயே கணக்குல நூத்துக்கு நூறு."

அந்தப் பக்கம் சிரித்தார். "சரிங்கம்மா. வந்தா ஒரு போன் போடச் சொல்லுங்க."

எவ்வளவு மரியாதையான மனிதர். பெரிய சைட்டின் பெரிய போர்மேன் என்னிடம் சந்தேகம் கேட்டு, நான் தீர்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் பால் பொங்கிவிட்டது, அடுப்பைத் துடைத்து நிமிர்வதற்குள் அவள் தலை துவட்டி, உடை மாற்றி, சினேகிதி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போனையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. வந்ததும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 16, திங்கள்

காலை ஆறரைக்கே போய்விட்டாள். தொழிற்சாலையில் மூன்றாம் மாடி பீம்களைப் பார்க்க வேண்டுமாம்.

மூன்று மணிக்கு போன் செய்தாள். "பாட்டி, டிவி போடாத" என்றாள். வைத்துவிட்டாள்.

போட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து இந்த வார்த்தையைப் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள், நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

குளியலறைப் பக்கத்துக் கட்டம் ஒன்று உள்ளே போய்விட்டது. கான்கிரீட்டை பம்ப் தள்ளிக்கொண்டிருந்தபோதே தகடு மடங்கியதாம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பீமைப் பிடித்துக்கொண்டார்கள். கான்கிரீட் வருகிற ஹோஸைப் பிடித்திருந்தவர் அதை விடாமல் அதோடு கீழ்த்தளத்துக்குப் போயிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. தொடையும். கான்கிரீட்டில் புதைந்தவரைக் கையாலேயே தோண்டி எடுத்திருக்கிறார்கள். தோண்டினவர்களில் போர்மேனும் ஒருவர்.

கடுகு வந்து ஷூவோடு குளியலறைக்குள் போனாள். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சோறு இறங்கவில்லை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். வந்ததும் சொல்ல வேண்டும் என்று என் எழுத்திலேயே இருக்கிறது. அவள் வந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? துணி மடித்துக்கொண்டிருந்தேன். தலையணை உறை ஒன்று காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேன். உறை கிடைத்துவிட்டது.

சொன்னால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. படத்தில் உள்ளதைத்தானே அவளும் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 18, புதன்

ஏலக்காய் போனில் பேசினார். கடுகு காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இங்க பாரும்மா. போர்மேன் ஒரே இடத்துல குவிச்சுட்டாரு. ஹோஸை நகத்தாம கொட்டினா எந்தத் தகடும் மடங்கத்தான் செய்யும். அறிக்கை அப்படித்தான் போகுது. நீ நடுவுல தலையைக் குடுக்காத."

"நான் ஒரு தடவை கணக்கைப் பாத்துடறேன் சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? தரைதான் விழுந்துடுச்சே."

போர்மேன்தான் குவித்தார் என்று சொன்னதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

போர்மேனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

பிப்ரவரி 19, வியாழன்

டெய்லரம்மா ரவிக்கை கொடுக்கும் சாக்கில் மேலே வந்தாள். தைக்கக் கொடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, வழக்கமாகப் பத்து நாள் இழுப்பவள். "டிவியில காட்டினது..." என்று ஆரம்பித்தாள். கதவைப் பாதிதான் திறந்தேன். "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கும்போல" என்று ரவிக்கையைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாள். கட்டில் நிறையப் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். பத்து மணிக்கு அவள் அறையில் சத்தமே இல்லாமல் போயிற்று. எட்டிப் பார்த்தேன். ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டி, இது போன வருஷ வேலையோட குறிப்புப் பக்கம்."

"இருந்துட்டுப் போவட்டும்."

"அப்படியே இழுத்து இந்த வேலையில போட்டிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் போடுவோம், தேதியை மட்டும் மாத்துவோம். அந்தக் கட்டடத்துல பீமுக்கு பீம் ரெண்டு புள்ளி எட்டு. முட்டு தேவையில்லை, சரி. இங்க குளியலறையை இறக்க வழி வேணும்னு ஒரு வரிசை பீமை நகத்தினேன். மூணரை ஆயிடுச்சு."

இரண்டு புள்ளி எட்டு, மூன்றரை எல்லாம் மீட்டராம். எனக்கு விளங்காதது போல முகத்தை வைத்துக்கொண்டேன் போல, அவள் ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மறுபடி சொன்னாள். கான்கிரீட் காய்ந்த பிறகு அது தாங்குகிற பொருள். ஈரமாக இருக்கிற வரைக்கும் வெறும் பாரம். அந்தப் பாரத்தைத் தகடு ஒற்றையாகத் தாங்க வேண்டும். காய்ந்த பிறகு மூன்றரைக்குத் தாங்குமா என்று பார்த்திருக்கிறாள், தாங்கும். ஈரத்தில் தாங்குமா என்று பார்க்கவில்லை. தாங்காது. நடுவில் ஒரு வரிசை முட்டு நிறுத்தியிருந்தால் போதும்.

"அவரு குவிச்சாருதானே?" என்றேன்.

"கொஞ்சம் குவிச்சிருப்பாரு. எல்லாருந்தான் குவிப்பாங்க. பீம் தூரம் மூணுக்குள்ள இருந்தா தகடு பொறுத்துக்கும்."

"அப்ப வாயை மூடிட்டு இரேன்டி. உன்னை யாரு கேட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. தெருவில் யாரோ ஒரு அம்மாள் வழி கேட்டால் பார்ப்பாளே, அப்படி.

பிறகு தாளை மடித்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு முப்பது வருஷ அனுபவம். அந்த இடைவெளியைப் பாத்ததுமே தோணியிருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அப்பவே முட்டு வெக்கச் சொல்லியிருப்பேன். ஏன் கேக்கலைன்னுதான் தெரியல."

நான் அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கடுகு ஆஸ்பத்திரிக்கு ஹோஸ்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஐம்பது ஐம்பத்தைந்து வயது மனிதர், சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார், நகக்கண்களில் மட்டும் சிமெண்டு. வாயைத் திறந்ததும் குரல் தெரிந்துவிட்டது.

"மேடம் இருக்காங்களாம்மா?"

"வெளியில போயிருக்கா. உக்காருங்க."

உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார். "நீங்கதானே அன்னிக்கு போன் எடுத்தது?"

"ஆமா."

"நான் கேட்டேன்னு ஆபீசுல இன்னும் சொல்லல. என்னன்னு சொல்றது? பாட்டிம்மாகிட்ட கேட்டேன், அவங்க சரின்னாங்கன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? திரும்பக் கூப்பிடுவாங்கன்னு ராத்திரி வரைக்கும் பாத்தேன். கூப்பிடலன்னா சரின்னுதானே அர்த்தம். எப்பவும் அப்படித்தான்." செம்பைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். மேடம்கிட்ட சொன்னீங்களா நீங்க?"

"சொன்னேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யாராவது எனக்குச் சொல்லட்டும். நாக்கு தானாகச் சொல்லிற்று. மறந்துவிட்டேன் என்று சொல்ல அந்த நிமிஷத்தில் என்னால் முடியவில்லை. என் வீட்டு வாசலில் நின்று ஒருவர் கேட்கிறார், எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"சரிங்கம்மா" என்றார். செருப்பை மாட்ட அவருக்கு வெகு நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 23, திங்கள்

போர்மேன் வந்துபோனதை அவளிடம் சொல்லாமல் வாய் மூடி இருக்கிறேன். அவளுக்கு நான் சொன்ன புத்திமதியை நானே நன்றாகக் கடைப்பிடிக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பகல் ஒரு மணிக்கே வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, அந்த ஞாயித்துக்கிழமை போர்மேன் கூப்பிட்டாரா?"

அவளுக்குத் தெரிந்தேதான் கேட்டாள். போனில் எல்லாம் இருக்குமாம். இரண்டு நிமிஷம் பத்து வினாடி. போர்மேன் இன்று விபத்தை விசாரிக்க வந்தவர்களிடம் போய், மேடமுக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குறிப்பைத் தவறாக எழுதுவது ஒன்று, தெரிந்தே ஆட்களைத் தகட்டின் மேல் ஏற்றுவது வேறு. ஏலக்காய் அவளைக் கூப்பிட்டு, "வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்தது, பேசினது, நூற்றுக்கு நூறு, பால் பொங்கினது, மறந்தது. பிறகு அவர் வந்தது, நான் சொன்னேன் என்றது. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டடி, ரெண்டு வார்த்தை திட்டு, உனக்கும் ஆறும் எனக்கும் ஆறும்.

"நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் அந்தக் குறிப்பு தப்பு பாட்டி" என்றாள். "நீ போனை எடுக்கறதுக்கு ரெண்டு மாசம் முந்தியே தப்பு."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

பிப்ரவரி 25, புதன்

என் மகள் ஊரிலிருந்து போன் செய்தாள். "நீ ஏம்மா அவ போனை எடுத்தே?" என்றாள். "எடுத்தே சரி, உனக்கு ஏம்மா கட்டட வேலை?" என்றாள். பிறகு அவளே அழுதாள். நான் அழவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

போனேன். விசாரணைக்கு வர வேண்டாம் என்று கடுகு மூன்று தரம் சொன்னாள். நான் பட்டுச் சேலை எடுத்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு, சாதாரணச் சேலையே கட்டிக்கொண்டு மாடிப்படியில் அவளுக்கு முன்னால் இறங்கி நின்றேன்.

மூன்றாவது மாடி அறை. கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு விசாரணை அம்மாள், ஏலக்காய், போர்மேன், கடுகு, நான். அந்த அறையில் எல்லோரையும்விட வயதானவள் நான், எல்லோரையும்விடக் குறைவாகப் படித்தவளும் நான்.

கடுகு முதலில் ஒரு தாளைக் கொடுத்தாள். அவளே எழுதினது. குறிப்பு பழைய வேலையிலிருந்து வந்தது, ஈரநிலைக் கணக்கு மூன்றரைக்குச் செய்யவில்லை, கான்கிரீட் குவிந்ததால் மட்டும் விழவில்லை, பொறுப்பு என்னுடையது. விசாரணை அம்மாள் வாசிக்க வாசிக்க ஏலக்காய் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். "அவ சொன்னது சரி, ஆனா முழுசு இல்லைங்க. இவரு முதல் நாளே கேட்டாரு. எங்கிட்ட கேட்டாரு. நான்தான் அவகிட்ட சொல்லாம விட்டேன். எழுதிக்கங்க." பிறகு போர்மேனைப் பார்த்து, "தம்பி, உங்ககிட்ட சொன்னேன்னு சொன்னது பொய். நான் சொல்லல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "உங்ககிட்ட கேட்டதே என் தப்பும்மா. நூத்துக்கு நூறுன்னீங்க. எனக்கும் அதுக்கப்புறம் கேள்வி வரல."

விசாரணை அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நல்ல மாதிரிதான் பேசினாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, மேடமுக்கு முன்கூட்டியே தெரியாதுன்னு எழுதிக்கறேன். அதுக்கு மேல உங்களுக்கு இதுல இடமில்ல. வரைஞ்சவங்க, சரிபார்த்தவங்க, கையெழுத்துப் போட்டவங்க, சைட்ல இருந்தவங்க. படிவத்துல நாலு கட்டந்தான்."

"நாலாவது இவரு. அஞ்சாவதா ஒண்ணு போட்டுக்கங்களேன்."

"முடியாதும்மா. எங்கயும் அப்படி இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். என்னால் ஒரு மனிதர் படுக்கையில் கிடக்கிறார், என் பேத்தியின் பெயர் போகிறது, அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினால் வாங்கக்கூட ஆள் இல்லை. எடுத்த பாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்த நோட்டின் அட்டையில் அவர்கள் கம்பெனிப் பெயரும் கிரேன் படமும் இருக்கின்றன. வருஷா வருஷம் கடுகு எனக்கென்று வாங்கி வருவாள். இன்று செய்தித்தாளால் அட்டை போட்டுவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

முடிவு வந்துவிட்டது. போர்மேனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏலக்காய் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாராம், அது எவ்வளவு நிஜமோ.

கடுகு ஒரு வருஷத்துக்கு எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. வேலையை விட்டு அனுப்பத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குளியலறைப் பக்கத்துப் பீம்கள் அவள் மூளையில்தான் இருக்கின்றன, வேறு யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் கணக்கு இவள் போட வேண்டும், கையெழுத்து இன்னொருவர் போடுவார். அவர் இவளுக்கு நாலு வருஷம் ஜூனியர்.

"பரவாயில்லை பாட்டி. நல்ல பையன்தான்" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லும்போது அவள் குரல் எங்கோ இருந்தது. நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 9, திங்கள்

என்னோடு அளந்துதான் பேசுகிறாள். சோறு, உப்பு, போதும்.

மார்ச் 17, செவ்வாய்

ஹோஸ்காரரைப் பார்க்கப் போனேன், தனியாக. கடுகிடம் சொல்லவில்லை. ஆரஞ்சு வாங்கிப் போனேன்.

சின்ன ஆள்தான், நாற்பதுகூட இருக்காது. இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நான் யார் என்று சொன்னேன். போன் எடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப நானும் உங்க பேத்தி கட்டடம் மாதிரிதான் பாட்டி. உள்ள இரும்பு, வெளிய மத்தது. டாக்டரு ஆணிகூட அடிச்சிருக்காரு" என்றார். சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் மனைவி ஜன்னல் பக்கம் நின்றாள். நான் இருந்த நேரம் முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. ஆரஞ்சுப் பையைத் தொடவும் இல்லை. அது நியாயம்தான். நான் அவள் இடத்தில் இருந்தால் பையைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

ஹோஸ் பிடிக்க இனிமேல் முடியாதாம். நிற்க முடியுமா என்பது அடுத்த மாதம் தெரியுமாம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். வீட்டில் யார் யார் என்றாள். பேத்தி என்றேன். என்ன செய்கிறாள் என்றாள். "வேலைக்குப் போறா" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்று அந்தக் கட்டத்துக்குத் திரும்பக் கான்கிரீட் போடுகிறார்கள். புதுத் தகடு, அடியில் முட்டு. கடுகு விடியும் முன்பே எழுந்தாள், நான் அவளுக்கு முன்னால் எழுந்திருந்தேன். இரண்டு பேரும் காப்பி குடித்தோம்.

ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழரைக்கு வெங்காயம் உரித்தேன். எட்டுக்கு இன்னும் கொஞ்சம் உரித்தேன். இரண்டு பேருக்கு இவ்வளவு வெங்காயம் எதற்கு? எட்டே முக்காலுக்குத் தரையைத் துடைத்தேன். துடைக்கும்போது தரையைக் கையால் தட்டிப் பார்த்தேன். பைத்தியம். அவள் போனுக்குக் கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிட்டு என்ன கேட்பேன்? நான் கேட்டு அங்கே ஒரு மணல் துகள் அசையுமா? நான் வேண்டினால் தகடு பிடித்துக்கொள்ளுமா? அது என்னைக் கேட்டா நிற்கிறது.

பன்னிரண்டு மணி. ஒன்று. ஒன்றே கால்.

இரண்டு மணிக்கு அவளிடமிருந்து போனில் ஒரு வார்த்தை வந்தது. முடிஞ்சது.

அதற்குப் பிறகும் எனக்குப் பசிக்கவில்லை. இனிக் காய வேண்டுமே.

மார்ச் 30, திங்கள்

வழக்கத்தைவிட நேரத்தோடு வந்தாள். போர்மேன் இப்போதெல்லாம் ஒரு போல்ட்டுக்குக்கூட இரண்டு தரம் கூப்பிடுகிறாராம். "ஒரு நாளைக்கு நாப்பது போன் பாட்டி" என்றாள். நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்றாள். உப்பு, போதும் என்பதைத் தாண்டி இவ்வளவு பேச்சு.

ஏப்ரல் 8, புதன்

வெயில் இறங்கும் முன்பே வந்துவிட்டாள். ஷூவைக் கழற்றி வெளியே வைத்தாள், கை கழுவினாள், என் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். சட்டைத் தோளில் துருக்கறை.

"முட்டெல்லாம் எடுத்தாச்சு பாட்டி."

"எப்ப?"

"பதினொரு மணிக்கு. ஒண்ணொண்ணா. போர்மேன் கடைசி முட்டு ஒண்ணை மட்டும் எடுக்க மாட்டேன்னு நின்னாரு. நானும் அடியில வந்து நின்னேன். அப்புறம் எடுத்தாரு."

அடியில் போய் நின்றிருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்க வாய் எடுத்து, கேட்காமல் விட்டேன்.

"தரை எவ்வளவு இறங்குச்சு?" என்றேன். இப்படித்தான் கேட்க வேண்டும் என்று இந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

"நாலு மில்லிமீட்டர்."

"நாலுன்னா நல்லதா கெட்டதா?"

"ஆறு வரைக்கும் போகும்னு கணக்கு."

"நான் கேட்டதுக்கு அதுவா பதில்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லது பாட்டி" என்றாள். அப்படியே சாய்ந்து, சட்டையைக்கூட மாற்றாமல், என் தலையணையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். துருக்கறை உறையில் ஒட்டிவிட்டது. நான் நகரவில்லை. நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாலு மில்லிமீட்டர். நல்லதாம்.